மழைக்காட்டு மக்களின் மூலிகை அறிவும் திரைப்படப் பதிவும்

தென் அமெரிக்காவின் வட பகுதியில் பிரேசில், பெரு, கொலம்பியா, ஈக்குவடார், வெனிசூலா முதலிய நாடுகளில் பரந்து கிடக்கும் அமேசான் காடு, உலகிலுள்ள வெப்பமண்டல மழைக்காடுகளுள் மிகப் பெரியது. இக்காட்டில் நூற்றுக்கணக்கான பழங்குடி இனத்தவர் வாழ்ந்து வருகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் நெடுங்காலம் எழுத்தைக் கையாளாதவர்கள். எந்தக் கொடியின் பட்டை காய்ச்சலைத் தணிக்கும், எந்த மரத்தின் பால் புண்ணை ஆற்றும், எந்த வேரை எந்தப் பருவத்தில் அகழ்ந்தெடுக்க வேண்டும் என்பன போன்ற செய்திகள் யாவும் முதியோரின் நினைவிலும், கைப்பழக்கத்திலும், பாடல்களிலுமே காக்கப்பட்டு வந்தன. மருத்துவ முதியவர் ஒருவர் தம் அறிவைப் பெற்றுக்கொள்ள மாணாக்கர் எவருமின்றி மறைவாராயின், அவருடன் அவ்வறிவும் மறைந்துபோகிறது.

இத்தகைய அறிவைப் பதிவு செய்வதற்கு ஆராய்ச்சியாளர் மூன்று சாதனங்களைக் கையாளுகின்றனர். உலர்த்தி ஒட்டிய தாவர மாதிரி ஒன்று, எழுத்துக் குறிப்பு மற்றொன்று, திரைப்படம் மூன்றாவது. ஒரு மக்களினத்தின் வாழ்க்கையை அதன் இயல்பான சூழ்நிலையிலேயே, அதனைப் புரிந்துகொள்ளும் நோக்கத்துடன் படமாக்குவதை இனவரைவியல் திரைப்படம் என வழங்குவர். கதைப்படத்தில் நிகழ்ச்சி படத்துக்காக அமைக்கப்படுகிறது; இனவரைவியல் படத்திலோ நிகழ்ச்சிக்கு ஏற்பப் படம் அமைகிறது.

மூலிகை அறிவைப் படமாக்கும்பொழுது ஒரு கடினமான பிரச்சினை எழுகின்றது. பதிவு செய்யாவிடில் அறிவு அழியக்கூடும். ஆராயாமல் பதிவு செய்தாலோ, அது உரியவர் கையை விட்டுப் பிறர் கைக்குப் போய்விடக்கூடும். இவ்விரு இழப்புகளுக்கும் இடையே வழி காண்பது எவ்வாறு என்பதை அமேசான் காட்டின் அனுபவத்தைக் கொண்டும், அதனையொத்த இந்திய அனுபவத்தைக் கொண்டும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஜாடியில் இருந்த நஞ்சு

மாதிரியை மட்டும் சேகரித்தால் என்ன நேரும் என்பதற்குக் குராரே என்னும் அம்பு நஞ்சின் வரலாறு தக்க சான்றாகும். அமேசான், ஒரினோக்கோ ஆறுகளின் கரைகளில் வாழ்வோர் இந்நஞ்சை அம்பின் நுனியில் தடவி வேட்டையாடினர். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை இது தடுத்துவிடுவதால் விலங்கின் தசைகள் தளர்ந்து, மூச்சு நின்று, அது வீழ்கிறது. குடல் வழியாக இந்நஞ்சு இரத்தத்தில் எளிதில் சேர்வதில்லையாதலின் அவ்விலங்கின் இறைச்சியை உண்போருக்குத் தீங்கில்லை.

ஐரோப்பிய அரும்பொருட் சாலைகளுக்கு இந்நஞ்சு மூன்று வகைக் கலங்களில் வந்து சேர்ந்தது: மூங்கிற் குழாய், மட்கலம், சுரைக்குடுக்கை. எந்தத் தாவரத்திலிருந்து ஆக்கப்பட்டது என்பது தெரியாமையால், 1895-ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி போம் என்பவர் அடைத்திருந்த கலத்தைக் கொண்டே அதனை மூவகையாகப் பிரித்தார். 1935-இல் ஹெரால்ட் கிங் என்ற ஆங்கிலேய இரசாயன அறிஞர் அரும்பொருட் சாலையில் இருந்த குழாய்க் குராரேயிலிருந்து டியூபோகுராரின் என்னும் வீரியப் பொருளைப் பிரித்தெடுத்தார். குழாயில் அடைத்ததனால் வந்த பெயரே அந்த இரசாயனப் பொருளுக்கும் நிலைத்துவிட்டது. அப்பொழுதும் அதன் மூலத் தாவரம் எது என்பது உறுதிப்படவில்லை.

1942-ஆம் ஆண்டு ஜனவரியில் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் ஹெரால்ட் கிரிஃபித், எனிட் ஜான்சன் என்னும் மருத்துவர் இருவர் அறுவைச் சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்துவதற்குக் குராரேயைப் பயன்படுத்தி வெற்றி கண்டனர். மயக்க மருந்தை மிகுதியாகக் கொடுக்காமலேயே அறுவை செய்ய இதனால் வழி பிறந்தது. மறு ஆண்டு 1943-இல்தான், ஐயத்துக்கிடமின்றி அடையாளம் காணப்பட்ட ஒரே கொடியிலிருந்து, அதாவது காண்டோடெண்ட்ரான் டொமெண்டோசம் என்னும் கொடியிலிருந்து, அதே பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. காட்டில் வேட்டைக்காரருக்கு நன்கு தெரிந்திருந்த செய்தி, ஜாடியைச் சேகரித்தவர் அதனுடன் சேர்த்துக் கொண்டுவராத ஒரே காரணத்தால், விஞ்ஞானத்துக்கு இவ்வளவு காலம் மறைந்திருந்தது.

பொருளைச் சேகரிப்பதோடு நில்லாமல் அதனை ஆக்கும் செயலை உற்று நோக்கியவர்களும் இருந்தனர். 1800-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹம்போல்ட் மேல் ஒரினோக்கோவில் எஸ்மெரால்டா என்ற ஊரில் குராரே ஆக்கப்படுவதை நேரில் கண்டு எழுதி வைத்தார். கொடியின் பட்டையைச் சுரண்டி நசுக்கி, வாழையிலையைச் சுருட்டி அமைத்த கூம்பில் இட்டு, தண்ணீர் ஊற்றிச் சாற்றை வடிப்பர். பின்னர் அதனை மட்கலத்தில் சுண்டக் காய்ச்சுவர். சாற்றை நாவில் இட்டு, கசப்பின் அளவைக் கொண்டே அது போதிய அளவு சுண்டியதா என அறிவர். அச்சாறு அம்பில் ஒட்டாதாகையால் பிசின்போன்ற வேறொரு செடியின் சாற்றைக் கலந்து கெட்டியாக்குவர். ஹம்போல்ட் கண்ட கொடி மேலே கூறிய கொடியன்று. எட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்த வேறொன்று. ஒரே பெயரால் வழங்கிய நஞ்சு இடத்துக்கிடம் வெவ்வேறு தாவரங்களால் ஆக்கப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

கசப்பை நாவால் அளக்கும் திறனை உலர்ந்த மாதிரி காட்டாது. எழுத்து ஓரளவே காட்டும். கையின் வேகம், தீயின் அளவு, சாற்றின் நிறம் மாறும் தருணம், முதியவர் இளையவருக்குச் சொல்லும் சொல் ஆகிய அனைத்தையும் தொடர்ச்சியாக ஒருங்கே காட்ட வல்லது திரைப்படம். தாவரம், அதனை எடுக்கும் காலம், பக்குவம் செய்யும் முறை, உரிய நோய், நோயாளி கைக்கொள்ளும் பத்தியம், உடன் பாடும் பாடல் ஆகியவை அம்மக்களின் மருத்துவத்தில் தனித்தனியாக நிற்பவையல்ல. இவற்றைப் பிணைக்கும் கட்டினைக் காட்டுவதே மூலிகைத் திரைப்படத்தின் தலையாய பயன்.

1941-ஆம் ஆண்டு குராரேத் தாவரங்களை ஆராய்வதற்காகக் கொலம்பியாவின் அமேசான் காட்டுக்குச் சென்ற அமெரிக்கத் தாவர இயலார் ரிச்சர்ட் இவான்ஸ் ஷுல்டீஸ் இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் அப்பகுதியிலேயே தங்கி இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகளைத் திரட்டினார். மாதிரிகளுடன், அத்தாவரங்களை மக்கள் எடுத்துப் பக்குவப்படுத்துவதையும் புகைப்படங்களில் பதிவு செய்தார். பிற்காலத்தில் மக்கட்டாவரவியல் என்னும் துறை வளர்வதற்கு இம்முறையே அடிப்படையாயிற்று.

காமிரா காட்டுக்குள் சென்ற வரலாறு

திரைப்படம் தோன்றிய மூன்றாண்டுகளுக்குள்ளாகவே மானிடவியலார் அதனைக் கையாளத் தொடங்கினர். 1898-இல் ஆல்ஃபிரட் ஹாடன் தலைமையில் ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் குழு, அத்தீவினரின் நடனத்தையும் தீக்கடையும் முறையையும் படமெடுத்தது. அதில் இன்று எஞ்சியிருப்பது சில நிமிடப் படமே. 1911-இல் தேயோடோர் கோக்-கிரூன்பெர்க் என்ற ஜெர்மானியர் வட பிரேசிலில் தவுலிபாங் மக்களைப் படமெடுத்தார். 1917-இல் பிரேசில் இராணுவ அதிகாரி லூயிஸ் தோமாஸ் ரெய்ஸ் போரோரோ இனத்தாரின் சடங்குகளைப் படமாக்கினார்.

இப்படங்கள் ஒலியற்றவை. பேச்சையும் பாட்டையும் படத்துடன் ஒருசேரக் காட்டிலேயே பதிவு செய்யும் வசதி 1960-ஆம் ஆண்டை ஒட்டி, தோளில் சுமக்கத்தக்க 16 மில்லிமீட்டர் காமிராவும் அதனுடன் இணைந்தோடும் ஒலிநாடாக் கருவியும் வந்த பின்னரே கிட்டியது. அதுவரை காட்டில் வாழ்வோர் திரையில் ஊமையராகவே தோன்றினர். அவர்களுக்காகப் பிறரே விளக்கவுரை பேசினர். தம் மருந்தைப் பற்றித் தாமே பேசும் மனிதரைத் திரையில் காண முடிந்தது இவ்வசதியால் விளைந்த பெரிய மாறுதலாகும்.

ஆயினும் ஒலி சேர்ந்ததனால் மட்டும் உண்மை முழுமையாகிவிடவில்லை. வெனிசூலாவில் வாழும் யானொமாமி மக்களைக் குறித்து டிமொத்தி ஆஷ், நெப்போலியன் ஷாக்னன் ஆகிய இருவரும் 1968, 1971 ஆகிய ஆண்டுகளில் எடுத்த படங்கள் கல்லூரிகளில் பாடப் பொருளாகப் பரவின. அவ்வினத்து மருத்துவர்கள் மூக்கின் வழியாக மூலிகைப் பொடியை உட்கொண்டு ஆவிகளை அழைப்பதைக் காட்டும் படமொன்றை ஷாக்னன் 1973-இல் வெளியிட்டார். அமெரிக்க மாணவரிடையே வில்டன் மார்ட்டினெஸ் நடத்தி 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய படங்களைக் கண்ட மாணவர் பலரிடம் அம்மக்களைப் பற்றிய இழிவான எண்ணம் குறைவதற்குப் பதிலாக வலுப்பட்டதைக் காட்டியது. முகத்தில் வழியும் பொடியும், உரத்த கூச்சலும் அவர்களது கண்ணில் பட்டன. அச்செயலின் பொருள் படவில்லை.

மேலும், யானொமாமி மக்களிடையே ஒருவர் இறந்தபின் அவரது உடைமைகளை அழித்துவிடுவதும், அவர் பெயரைச் சொல்லாதிருப்பதும் வழக்கம். இறந்தவரின் உருவம் எங்கோ ஒரு நாட்டில் திரையில் அசைந்துகொண்டிருப்பது உறவினருக்குப் பெருந்துயர் தருவதாகும். படமெடுத்தவருக்கு ஆவணமாக இருப்பது படமெடுக்கப்பட்டவருக்கு ஆறாத புண்ணாக இருக்கலாம் என்பதை இவ்வழக்கம் நினைவூட்டுகிறது.

காமிரா கைமாறியது

1980-களில் எடைகுறைந்த வீடியோக் காமிரா வந்ததும் நிலைமை மாறலாயிற்று. பிலிமைக் கழுவுவதற்கு நெடுந்தொலைவிலுள்ள நகரத்துக்கு அனுப்ப வேண்டிய தேவை நீங்கியது. எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே, எடுக்கப்பட்டவருக்கே அன்று மாலையே காட்ட முடிந்தது.

1986-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டில் வின்சென்ட் கரெல்லி என்பவர் 'கிராமங்களில் வீடியோ' என்று பொருள்படும் பெயருடன் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். நாம்பிக்குவாரா இனத்தாரிடையே ஒரு சிறுமி பருவமெய்திய விழாவைப் படமெடுத்து அவர்களுக்கே காட்டியபொழுது அவர்கள் திருப்தியடையவில்லை. தம்மவர் வெளியாரின் ஆடைகளை மிகுதியாக அணிந்திருப்பதைத் திரையில் கண்டு மனம் வருந்தினர். அடுத்த முறை முன்னோர் வழக்கப்படி உடலுக்கு வண்ணம் பூசி விழாவை நடத்தினர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கைவிட்டிருந்த மூக்கும் உதடும் குத்தும் சடங்கினையும் மீண்டும் நிகழ்த்தினர். திரையில் தம்மைக் கண்ட ஒரு சமூகம் தன் வழக்கத்தைத் தானே மதிப்பிட்டுத் தானே முடிவு செய்தது.

1990-களின் பிற்பகுதியிலிருந்து இத்திட்டம் பழங்குடி இளைஞருக்கே காமிராப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. அவ்வாறு பயின்றவருள் ஒருவர் மேல் ஷிங்கு ஆற்றுப் பகுதியில் வாழும் குய்குரோ இனத்தைச் சேர்ந்த தகுமா குய்குரோ. இவர் மானிடவியலார் கார்லோஸ் ஃபௌஸ்டோ, லியனார்டோ செத்தே ஆகியோருடன் இணைந்து இயக்கிய படம் 2011-இல் வெளிவந்தது. முதியவர் ஒருவர், தம் மனைவி இறப்பதற்கு முன் ஒருமுறையேனும் பாட வேண்டும் என விரும்பி, பெண்களின் பெருவிழாவை நடத்துமாறு தம் மருமகனைக் கேட்கிறார். விழாப் பாடல்கள் அனைத்தையும் அறிந்த பாடகி ஒருவரே; அவரோ கடும் நோயுற்றிருக்கிறார். மற்றப் பெண்கள் அப்பாடல்களைப் பயில முற்படுகின்றனர். ஓர் அறிவு ஒருவர் உயிரில் தொங்கி நிற்கும் நிலையை இப்படம் உள்ளிருந்து காட்டுகிறது. மருந்தறிவின் நிலையும் இதுவேயாகும்.

காமிரா உரியவர் கையில் இருக்கும்பொழுது இரு நன்மைகள் விளைகின்றன. முதியோர் தம் மொழியில், தம் பேரருக்குச் சொல்வதுபோல் விரித்துச் சொல்கின்றனர். எதனைச் சொல்லலாகாது என்பதும் படமெடுப்பவருக்குத் தெரிந்திருக்கிறது.

பதிவு: கேடயமும் வாயிலும்

எதனைச் சொல்லலாகாது என்ற கேள்வி பொருளாதார முக்கியத்துவமும் உடையது. அயவாஸ்கா என்னும் கசாயம் அமேசான் மக்கள் பலருடைய மருத்துவத்தில் முக்கியமானது. பானிஸ்டீரியாப்சிஸ் காபி என்னும் கொடியையும், பெரும்பாலும் சைக்கோட்ரியா விரிடிஸ் என்னும் செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சுவர். இலையிலுள்ள வீரியப் பொருளை வாய்வழி உட்கொண்டால் குடலிலும் ஈரலிலுமுள்ள ஒரு நொதி அதனைச் சிதைத்துவிடும். கொடியிலுள்ள பொருள் அந்நொதியைத் தடுத்து இலையின் வீரியத்தைக் காக்கிறது. ஆயிரக்கணக்கான தாவரங்களுக்கிடையே இவ்விரண்டின் பொருத்தத்தைக் கண்டறிந்த அறிவு அம்மக்களுடையது.

1986-இல் ஓர் அமெரிக்கர், ஈக்குவடாரிலிருந்து கொண்டுவந்த இக்கொடியின் ஒரு வகைக்குத் தம் நாட்டில் தாவரக் காப்புரிமை பெற்றார். அமேசான் பழங்குடிகளின் கூட்டமைப்பு 1999-இல் இதனை எதிர்த்து முறையிட்டது. அதே ஆண்டு காப்புரிமை நிராகரிக்கப்பட்டது. அதற்குக் காட்டப்பட்ட காரணம் கருதத்தக்கது: அதே வகைக் கொடியின் உலர்ந்த மாதிரிகள் சிக்காகோ நகர அரும்பொருட் சாலையின் ஹெர்பேரியத்தில் முன்னரே நாளிட்டு வைக்கப்பட்டிருந்தன என்பதே. காட்டு மக்கள் அக்கொடியை வழிவழியாகப் போற்றி வந்தனர் என்பது அங்கு முடிவைத் தீர்மானிக்கவில்லை; நாளிட்ட தாள் தீர்மானித்தது. 2001-இல் காப்புரிமை மீண்டும் நிலைநாட்டப்பெற்று, 2003-இல் காலாவதியாயிற்று.

இந்தியாவின் அனுபவமும் இதனையே கூறுகிறது. மஞ்சளால் புண் ஆறும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் எழுத்துச் சான்றுகளைக் காட்டி எதிர்த்து, 1997-இல் ரத்துச் செய்வித்தது. இதன் தொடர்ச்சியாக 2001-இல் பாரம்பரிய அறிவுக்கான மின்னணு நூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலிய மருத்துவங்களின் செய்திகள் அதில் தொகுக்கப்பெற்று, மறைகாப்பு ஒப்பந்தத்தின்பேரில் பல நாட்டுக் காப்புரிமை அலுவலகங்களின் ஆய்வுக்குக் கிடைக்கின்றன. ஆனால் அந்நூலகத்துக்கு அடிப்படை நூல்களே. நூலில் ஏறாத பழங்குடி மருத்துவத்துக்கு அத்தகைய சான்று இல்லை. நாளும் இடமும் குறித்த திரைப்படம் அக்குறையை நிரப்பக்கூடும்.

எனவே பதிவு ஒரு கேடயம். அதே வேளையில் அது ஒரு வாயிலும் ஆகும். தாவரத்தின் பெயர், இடம், பக்குவம் ஆகிய யாவும் தெளிவாகக் காட்டப்பட்ட படம் எவரும் எங்கிருந்தும் காணத்தக்கதாகிவிட்டால், அம்மக்களைக் கேளாமலேயே அதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெரு, பிரேசில் எல்லையில் வாழும் மத்செஸ் இனத்தார் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். அவர்களது மருத்துவ முதியோர் ஐவர் 2015-இல் ஏறத்தாழ 500 பக்கங்களில் தம் மருத்துவக் களஞ்சியத்தைத் தொகுத்து முடித்தனர். நோயின் குறி, காரணம், அதற்குரிய செடி, மருந்து ஆக்கும் முறை ஆகியவை அதில் விரிவாக உள்ளன. ஆயினும் நூல் முழுவதும் மத்செஸ் மொழியில் மட்டுமே எழுதப்பட்டது. விஞ்ஞானப் பெயர்களும், பூ முதலிய அடையாளங்களை வெளியார்க்கு எளிதில் காட்டிவிடும் படங்களும் விலக்கப்பட்டன. அறிவு அழியாமல் காக்கப்பட்டது. வாயிலின் திறவுகோலும் உரியவரிடமே இருந்தது. திரைப்படம் எடுப்போர்க்கும் இது ஏற்ற வழிகாட்டியாகும்.

அகத்தியமலை தரும் படிப்பினை

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலுள்ள அகத்தியமலைக் காடுகளில் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலும், தமிழ்நாட்டின் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் இவர்களது குடியிருப்புகள் உள்ளன. பழங்குடிகளின் தாவர அறிவைத் தொகுக்கும் அனைத்திந்தியத் திட்டத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 1987-இல் இக்காட்டில் சென்றபொழுது, வழிகாட்டிகளாக உடன்வந்த காணிகள் ஒரு செடியின் கனியைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். விஞ்ஞானிகளும் தின்று பார்த்துச் சோர்வு நீங்கப் பெற்றனர். அச்செடியைப் பற்றிக் கூறக் காணிகள் முதலில் தயங்கினர், பின்னர் இசைந்தனர். அது ஆரோக்கியப்பச்சை, விஞ்ஞானப் பெயர் டிரைக்கோபஸ் சைலானிக்கஸ்.

திருவனந்தபுரம் அருகே பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் இதனை முதன்மையாகக் கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஆக்கவுரிமை 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் நூற்றுக்கு 2 வீத உரிமைத் தொகைக்கும் வழங்கப்பட்டது. இவ்வருவாயில் பாதி காணி மக்களுக்கு என முடிவாயிற்று. 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அறிவுக்கு உரியவருடன் பயனைப் பகிர்ந்துகொள்ளும் முறைக்கு உலகில் முதலில் எழுந்த முன்மாதிரிகளுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

எனினும் குறைகள் எழாமல் இல்லை. முன்னோரின் இரகசியத்தை விற்கலாகாது என்று மருத்துவ முதியோர் சிலர் எதிர்த்தனர். உடன்பாட்டில் சேராத குடியிருப்புகளும் இருந்தன. காட்டிலிருந்து இலையை எடுப்பதற்கு வனத்துறை தடை கூறியதால் மருந்தாக்கம் தடைப்பட்டது. ஒரு சிலர் கூறிய இசைவு ஓர் இனம் முழுவதன் இசைவாகுமா என்னும் கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. காமிராவுடன் செல்வோரும் இக்கேள்விக்கு விடை காணாமல் கருவியை இயக்கலாகாது.

களப் பணியாளர் கருத்திற் கொள்ள வேண்டியவை

முதலாவது, இசைவு. படத்தின் நோக்கம், அது எங்கே காட்டப்படும், யாரிடம் இருக்கும் என்பவற்றை மக்களின் மொழியிலேயே ஊரார் கூடிய இடத்தில் விளக்க வேண்டும். மருத்துவ முதியவரின் இசைவும் ஊராரின் இசைவும் தனித்தனியே தேவை. வேண்டாமென்று கூறவும், கூறியதைப் பின்னர் மாற்றிக்கொள்ளவும் அவர்களுக்கு உரிமை உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டமும், பல்வகைமை சார்ந்த பாரம்பரிய அறிவில் வனவாசிச் சமூகங்களுக்குள்ள உரிமையை ஏற்றுக்கொள்ளும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் இதற்குப் பின்புலமாக உள்ளன. அந்தமானில் ஜாரவா போன்ற இனத்தாரின் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைவதும் படமெடுப்பதும் தண்டனைக்குரியவை என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாவது, பதிவுகளின் இணைப்பு. படத்தில் காணும் ஒவ்வொரு தாவரத்துக்கும் ஒரு மாதிரி சேகரித்து, அதன் எண்ணையும் காட்சி எண்ணையும் ஒரே குறிப்பேட்டில் எழுத வேண்டும். நாள், உள்ளூர்ப் பெயர், பெயர் சொன்னவரின் மொழி ஆகியவையும் குறிக்கப்பட வேண்டும். மாதிரி இல்லாத படம் ஐயத்துக்கு இடமாகும். படமில்லாத மாதிரியோ குராரே ஜாடியைப் போல் பேசாது கிடக்கும்.

மூன்றாவது, முழுமை. பட்டையை எடுக்குமுன் மரத்தினிடம் சொல்லும் சொல், எடுத்த புண் ஆறும்படி மரத்தை விடும் முறை ஆகியவையும் மருத்துவத்தின் பகுதிகளே. அழகான இடங்களை மட்டும் துண்டு துண்டாக எடுக்காமல், செயல் தொடங்கி முடியும்வரை காமிராவை நிறுத்தாமல் ஓடவிடுதல் நலம். கையும் முகமும் ஒரே காட்சியில் அமைவது சிறப்பு. முகமின்றிக் கையை மட்டும் காட்டினால், அறிவு ஒருவருடையது என்பது மறைந்து, அது வெறும் செய்முறையாகிவிடும்.

நான்காவது, காட்டின் இயல்பு. மழைக்காட்டின் தரையை அடையும் ஒளி மேலே விழுவதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. இலைகளினூடே வடிந்து வருவதால் அது முகத்துக்குப் பச்சை நிறம் ஏற்றும். மரம் வீழ்ந்து திறந்த இடத்திலோ ஆற்றங்கரையிலோ முற்பகலில் வேலை செய்வது எளிது. ஈரத்தினால் லென்சில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் கருவியை வைத்துக் காத்தல் வேண்டும். சிள்வண்டின் ஓசை பேச்சை விழுங்கிவிடுமாதலால் ஒலிவாங்கி பேசுபவருக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

ஐந்தாவது, திருப்பிக் காட்டுதல். தொகுக்குமுன் படத்தை ஊராருக்குக் காட்டி, நீக்க வேண்டியவற்றை நீக்க வேண்டும். ஊராரிடம் இருக்கும் முழுப்படம் ஒன்று, வெளியார்க்கான சுருக்கம் ஒன்று என இரு வகைப் பிரதிகள் செய்வது தக்க முறையாகும். வெளிப் பிரதியில் அளவு, கலவை, இடம் ஆகியவற்றை விலக்கிவிடலாம். மருத்துவத்தின் சிறப்பைக் காட்டுவதற்கு அதன் இரகசியத்தைக் காட்டியே தீர வேண்டும் என்பதில்லை.

வகுப்பறையில்

ஆசிரியர் இத்தகைய படத்தைக் காட்டும்பொழுது முன்னுரையின்றித் தொடங்குவது நன்றன்று. மேலே கூறிய அமெரிக்க மாணவரின் அனுபவம் இதற்குச் சான்று. ஆஷ், ஷாக்னன் ஆகியோர் 1975-இல் வெளியிட்ட படமொன்றில், ஒரு சண்டையை முதலில் எடுத்தபடியே காட்டி, பின்னர் வேகத்தைக் குறைத்தும் உறவுமுறை வரைபடம் கொண்டும் விளக்கி, இறுதியில் தொகுத்த வடிவில் மீண்டும் காட்டினர். முதற் காட்சியில் வெறும் குழப்பமாகத் தோன்றுவது, உறவு முறை விளங்கியதும் ஒழுங்குள்ள செயலாகப் புலப்படுகிறது. வகுப்பிலும் இம்முறையைக் கையாளலாம். படத்தின் ஒரு பகுதியை முதலில் காட்டி மாணவர் கண்டதை எழுதச் செய்து, விளக்கிய பின் மீண்டும் காட்டி, இரண்டையும் ஒப்பிடச் செய்யலாம்.

யார் பேசுகிறார், யார் பேசாதிருக்கிறார், காமிரா யாருடையது, எது காட்டப்படவில்லை என்னும் நான்கு வினாக்களை மாணவர் கேட்கப் பழகுவாராயின், எந்தப் படத்தையும் அறிவோடு காணும் ஆற்றல் அவர்களுக்கு உண்டாகும். மேலும், திரையில் கண்ட மருந்தை எவரும் தாமே ஆக்கி உண்ணலாகாது என்பதை ஆசிரியர் தெளிவாகக் கூற வேண்டும். உதாரணமாக, அயவாஸ்காவிலுள்ள நொதியைத் தடுக்கும் பொருள் மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் சிலவற்றுடன் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து விளையும். பத்தியத்தையும் அளவையும் அறிந்த மருத்துவரின் கையிலிருந்து பிரித்தெடுத்த மூலிகை, மருந்தாக இருப்பதில்லை.

மூலிகை அறிவுக்குச் சட்டப் பாதுகாப்புப் பெருகி வருகின்றது. 2010-இல் ஏற்கப்பட்ட நகோயா உடன்படிக்கை பயன்பகிர்வை வற்புறுத்துகிறது. 2024 மே மாதத்தில் உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் நிறைவேறிய ஒப்பந்தம், மரபுப் பொருளையும் அது சார்ந்த அறிவையும் அடிப்படையாகக் கொண்ட காப்புரிமை விண்ணப்பத்தில் அவற்றின் மூலத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று விதிக்கிறது. இவ்விதிகள் பயன் தருவது, காட்டின் ஓரத்தில் குறிப்பேட்டுடனும் காமிராவுடனும் நிற்கும் பணியாளர் அவற்றைக் கைக்கொள்வதைப் பொறுத்ததாகும். அவர் எடுத்த படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் அவ்வூர்ச் சிறுவன் ஒருவன் கண்டு, தன் பாட்டனார் அறிந்திருந்த ஒரு வேரைத் தானும் அடையாளம் கண்டுகொள்வானாயின், அப்பதிவு தன் பணியைச் செய்ததாகும்.